பின்லாந்துக்காரர் பெட்டியில் காபித்தூள் எதற்கு?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர் கேட்டிருக்கிறார்: "பின்லாந்திலிருந்து எங்களிடம் வந்திருக்கும் பொறியாளர் பொட்டலம் பொட்டலமாகக் காபித்தூள் கொண்டுவந்திருக்கிறார். நல்ல கும்பகோணம் டிகிரி காபி வாங்கிக் கொடுத்தோம், மரியாதைக்குக் குடித்தார். காபிக்குப் பேர்போன ஊருக்கு யாராவது காபித்தூள் சுமந்து வருவார்களா? வெளிநாட்டில் வாழும் பின்லாந்துக்காரர்கள் எல்லோருமே இப்படித்தானா?"

பெரும்பாலும் இப்படித்தான். நான் பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போ நகரத்தில் நெடுநாளாகக் குடியிருக்கிறேன். என்னுடன் வேலை பார்க்கிறவர்களில் ஸ்பெயின், இங்கிலாந்து, சவூதி, சிங்கப்பூர் என்று வெளியே வாழ்ந்து திரும்பியவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி அவர்கள் பேச ஆரம்பித்தால் இரண்டாவது, மூன்றாவது வாக்கியத்தில் காபி வந்துவிடும். வீடு வாடகை, பிள்ளைகளின் பள்ளி, வெயில் எல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் பொறியாளருக்கு நம் காபி பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் தேடுவதில் நாக்குக்கு ஒரு பங்குதான் உண்டு. அந்தப் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பின்லாந்துக் காபி இளவறுவல். கொட்டை கறுப்பாக மாறுவதற்கு வெகு முன்னாலேயே இறக்கிவிடுவார்கள். தூள் வறுத்த வேர்க்கடலைத் தோலின் நிறத்தில் இருக்கும். கசப்பு குறைவு, புளிப்பு கொஞ்சம் தூக்கல், வாசனை மெல்லியது. மின்சாரக் காபி இயந்திரத்தில் தாள் வடிகட்டி வைத்து, வெந்நீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, கண்ணாடிக் கூஜா நிறையும். அதைப் பெரிய கோப்பையில் ஊற்றி, பால் விட்டோ விடாமலோ குடிப்பார்கள். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கிலோ கொட்டை என்பது இந்த நாட்டுக் கணக்கு; உலகப் பட்டியலில் எப்போதும் முன்வரிசை. அவ்வளவு குடிப்பதற்கு நம் டிகாக்ஷனின் அடர்த்தி ஒத்துவராது.

அடுத்தது தண்ணீர். ஹெல்சிங்கிக்கும் எஸ்போவுக்கும் குடிநீர், வடக்கே உள்ள பைஜான்னே ஏரியிலிருந்து பாறைக்குள் குடைந்த 120 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக வருகிறது. 1982-இல் கட்டி முடித்த சுரங்கம் அது. ஏரி நீர் மிகவும் மென்மையானது. சுண்ணாம்புச் சத்து அதிகம் இல்லை. இளவறுவல் காபிக்கு உயிரே அதன் புளிப்புதான். மென்மையான நீரில் அந்தப் புளிப்பு அப்படியே நாக்குக்கு வந்து சேரும். லண்டன் மாதிரி சுண்ணாம்புப் பாறை நிலத்து நீராக இருந்தால் அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் புளிப்பைத் தின்றுவிடும். அதே பொட்டலம், அதே இயந்திரம், அதே அளவு. ஆனால் கோப்பையில் இருப்பது சப்பென்று ஏதோ ஒன்று. லண்டனில் இருந்துவிட்டு வந்த தோழி ஒருத்தி, ஊரிலிருந்து தூள் வரவழைத்தும் சரியாக வரவில்லையே என்று மாதக்கணக்கில் மனம் சோர்ந்திருந்தாள். காரணம் குழாய்த் தண்ணீர் என்று தெரிந்தபோது அவளுக்கு வந்தது பெரிய நிம்மதி. தன் கைமணம் போகவில்லை என்று தெரிந்துகொண்டாள் அல்லவா.

நாக்கின் பங்கு இவ்வளவுதான். இனி பெரிய பங்குக்கு வருகிறேன்.

பின்லாந்தில் காபி என்பது நாளின் அட்டவணை. எழுந்ததும் ஒன்று, வேலைக்கு வந்ததும் ஒன்று, மதிய உணவு முடிந்ததும் ஒன்று, பிற்பகலில் ஒன்று. பல துறைகளில் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்திலேயே காபி இடைவேளை எழுதப்பட்டிருக்கும்; அது தொழிலாளியின் உரிமை, மேலாளரின் தயவு இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் காபி. சவுனா என்கிற வெப்ப அறைக் குளியல் முடிந்தால் காபி. தேர்தல் நாளில் குடும்பமாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, வழியில் உட்கார்ந்து குடிக்கிற காபிக்குத் தனிப் பெயரே உண்டு. பிள்ளை பள்ளி இறுதியில் தேறினால் காபி, விளையாட்டு வீரர் பதக்கம் வாங்கிவந்தால் காபி, அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பினால் காபி. உடன் ஏலக்காய் இடித்துப் போட்ட புல்லா என்கிற இனிப்பு ரொட்டி இருக்கும். விசேஷம் என்றால் ஏழு வகைப் பலகாரம் வைப்பது பழைய வழக்கம். எதை முதலில் எடுப்பது, யார் முதலில் எழுந்து போய் ஊற்றிக்கொள்வது என்பதற்கெல்லாம் முறை உண்டு. ஒரு கிராமத்து விருந்தில் காபி ஊற்றியாயிற்று என்று சொன்ன பிறகும் மேசை பக்கம் யாரும் போகாமல், வயதில் மூத்த பாட்டி எழுந்திருக்கும் வரை எல்லோரும் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இருட்டும் குளிரும்தான் இவ்வளவு காபிக்குக் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது போதுமான காரணமாகப் படவில்லை. நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும் ஜூன் மாதத்தில், ஏரிக்கரை மரவீட்டில் இதே அளவு குடிக்கிறார்கள். காட்டுக்குள் நடந்துபோய்க் கரிபிடித்த கெண்டியில் தூளைக் கொதிக்கவைத்து, மரக்கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறார்கள். குளிருக்காக மட்டும் என்றால் அந்த வேலை எதற்கு?

என் கணிப்பு வேறு. இந்த மக்கள் காரணமில்லாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் நிற்க மாட்டார்கள். சும்மா இருக்கிற மனிதரைச் சும்மா விட்டுவிடுவதுதான் இங்கே மரியாதை. அப்படிப்பட்ட சமூகத்தில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காருவதற்கு ஒரு காரணம் வேண்டும். கோப்பை கையில் இருக்கும் வரை பக்கத்தில் இருக்கலாம். பேசலாம், பேசாமலும் இருக்கலாம். பத்து நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, "சரி, நல்லா இருந்தது" என்று எழுந்து போவது இங்கே முழுமையான சந்திப்பு. வெளிநாட்டுக்குப் போகிறவர் இழப்பது இதைத்தான். புது ஊரில் அவரிடம் யாரும் கோபமாக இல்லை, எல்லோரும் சிரிக்கிறார்கள், சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். ஆனால் பேச வேண்டிய கட்டாயம் இல்லாமல் கூட இருக்கும் அந்தப் பத்து நிமிடம் எங்கேயும் கிடைப்பதில்லை.

இந்தப் பிடிப்புக்கு வரலாறும் உண்டு. பின்லாந்து 1809 வரை சுவீடன் ஆட்சியில் இருந்தது. 1756-இல் தொடங்கிச் சுவீடன் அரசர்கள் பலமுறை காபியைத் தடை செய்தார்கள். அந்நியச் சரக்குக்குப் பணம் வெளியே போகிறது என்பது ஒரு வாதம். தடையால் ஆசை குறையவில்லை. 1876-இல் ஜெர்மனியின் லூபெக் நகரத்திலிருந்து குடியேறிய குஸ்தாவ் பாவ்லிக் ஹெல்சிங்கியில் வணிகம் தொடங்கினார். இன்றைக்கும் நாட்டின் பெரிய காபி நிறுவனம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1929-இல் அது கொண்டுவந்த யூஹ்லா மொக்கா என்கிற சிவப்புப் பொட்டலம்தான் பெரும்பாலும் பயணப் பெட்டிகளில் இருக்கும். இந்த நாட்டுக் காபிக்கு அடித்தளம் போட்டவரே வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

பிறகு போர் வந்தது. 1939-இல் காபிக்கு ரேஷன் வந்தது. சில ஆண்டுகளில் கொட்டையே இல்லாமல் போயிற்று. கோதுமைக்கு உறவான ரை தானியம், பார்லி, சிக்கரி வேர், டான்டெலியன் வேர் எல்லாவற்றையும் வறுத்துப் பொடித்துக் காபி என்று குடித்தார்கள். 1946 பிப்ரவரியில் ஹெராக்லெஸ் என்ற கப்பல் பிரேசில் கொட்டையுடன் துர்கு துறைமுகத்துக்கு வந்தபோது நாடே அதைக் கொண்டாடியது. ரேஷன் முழுதாக நீங்க 1954 ஆயிற்று. இன்றைக்கு எண்பது வயது கடந்தவர்களின் பிள்ளைப் பருவம் அந்தக் காலம். சிக்கரி கலந்த நம் ஃபில்டர் காபியை அப்படிப்பட்ட ஒரு பெரியவருக்குப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் மாறியது; "இது போர்க்கால வாசனை" என்றார். கோப்பையை முழுதாகக் குடித்து முடித்தார். தன் அம்மா அடுப்பில் வேர் வறுத்த கதையை அன்றைக்குத்தான் தன் பேரனுக்கு முதன்முறையாகச் சொன்னதாகவும் சொன்னார். உங்கள் பொறியாளர் இளையவராக இருக்கலாம். ஆனால் சிக்கரி என்பது அவர் வீட்டில் இல்லாமையின் பெயராகப் புழங்கியிருக்கக்கூடும் என்பதை மனதில் வையுங்கள்.

வெளிநாட்டில் வாழ்பவர்கள் எல்லோருமே இப்படித்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போன இடத்தைப் பொறுத்து அது மாறுகிறது.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் லட்சக்கணக்கானோர் வேலை தேடிச் சுவீடன் போனார்கள். 1969, 1970 ஆகிய இரண்டு ஆண்டுகளில்தான் அலை உச்சத்தில் இருந்தது. கோத்தன்பர்க் கார் ஆலைகளிலும், வெஸ்தெரோஸ், எஸ்கில்ஸ்துனா தொழிற்கூடங்களிலும் பின்னிஷ் மொழி கேட்டது. அவர்களுக்குக் காபிக்குக் குறைவில்லை. சுவீடன்காரர்களும் இடைவேளைக் காபியில் ஊறியவர்கள், வறுவல் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அங்கே இல்லாமல் போனது மொழி. காபி மேசையில் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் பேச்சு புரியாது. பின்லாந்தில் பேசாமல் இருப்பது இதமானது. மொழி தெரியாமல் பேசாமல் இருப்பது அப்படி இல்லை என்று அந்தத் தலைமுறை ஆள் ஒருவர் என்னிடம் சொன்னார். பின்னிஷ் மொழி சுவீடனில் அதிகாரபூர்வ சிறுபான்மை மொழியாக ஏற்கப்பட்டது 2000-ஆம் ஆண்டில்தான். அதற்குள் அவர்களில் பலர் ஊர் திரும்பியிருந்தார்கள்.

ஸ்பெயினின் தெற்குக் கரையில் உள்ள ஃபுயென்கிரோலாவில் நிலைமை தலைகீழ். ஓய்வுபெற்ற பின்லாந்துக்காரர்கள் குளிர்காலம் முழுக்க அங்கே தங்குகிறார்கள். லோஸ் பாக்கோஸ் என்ற பகுதியில் பின்னிஷ் பள்ளி, பின்னிஷ் அடுமனை, பின்னிஷ் காபிக்கடை எல்லாம் உண்டு. உள்ளூர் ஸ்பானியக் காபி பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அங்கே ஒருவகைக் கொட்டையைச் சர்க்கரை சேர்த்துக் கறுக்க வறுத்துக் கலப்பார்கள், கசப்பு தூக்கலாக இருக்கும். அதனால் இவர்கள் தங்கள் காபியைத் தாங்களே நடத்திக்கொள்கிறார்கள். வெயிலுக்காகப் போன இடத்தில், ஊரில் செய்ததையே செய்கிறார்களே என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. எழுபது வயதில் முழங்கால் வலிக்காகக் கடல் கடந்து போகிறவர் காபி நேரத்தையும் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது கடுமை.

லண்டனில் ரோதர்ஹைத் பகுதியில் ஒரு பின்னிஷ் தேவாலயம் இருக்கிறது. கப்பல் தொழிலாளிகளுக்காக 1875-இல் தொடங்கிய கடலோடிகள் ஊழியத்தைச் சேர்ந்தது. இப்போதைய கட்டடம் 1958-இல் எழுந்தது. உள்ளே வழிபாட்டு இடம், சவுனா, காபிக்கடை, ரை ரொட்டியும் பாவ்லிக் பொட்டலமும் விற்கும் சிறு கடை. கப்பலில் வரும் பின்லாந்து மாலுமிகள் குறைந்துபோன பிறகும் அது நடப்பதற்குக் காரணம் அங்கே வரும் மாணவர்களும், வேறு நாட்டவரைக் கட்டிக்கொண்ட பெண்களும், அவர்கள் பிள்ளைகளும்தான். உலகமெங்கும் பெற்றோர்களே நடத்தும் வார இறுதிப் பின்னிஷ் வகுப்புகளும் இப்படித்தான்: பிள்ளைகள் உள்ளே மொழி படிப்பார்கள், வெளியே தாய் தகப்பன்மார் ஃபிளாஸ்க்கைச் சுற்றி நிற்பார்கள். வெளிநாட்டு வாழ்க்கையில் தாக்குப்பிடித்ததே அந்த ஃபிளாஸ்க்கால்தான் என்று சொன்ன தாய் ஒருவரை எனக்குத் தெரியும்.

பிரேசிலில் பெனேடோ என்றொரு ஊர், ரியோ டி ஜெனீரோ மாநிலத்தில். 1929-இல் தொய்வோ ஊஸ்கல்லியோ என்பவர் தலைமையில் போன பின்லாந்துக்காரர்கள் மரக்கறி உணவும் இயற்கை வாழ்வும் கொண்ட புதிய சமூகம் அமைக்க அங்கே நிலம் வாங்கினார்கள். அது பராயிபா பள்ளத்தாக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகுக்கே காபி கொடுத்து, மண் சத்திழந்து போன இடம். குடியேறியவர்களின் கனவு விவசாயத்தில் நிலைக்கவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு வீட்டில் அறை கொடுத்து, சவுனா கட்டிப் பிழைத்தார்கள். இன்றும் அந்த ஊர் தன்னைச் சின்னப் பின்லாந்து என்று சொல்லிக்கொள்கிறது. பின்லாந்துக்கு வரும் கொட்டையில் பெரும்பங்கு பிரேசிலுடையது என்பதால் இந்தக் கதை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

பயணம் என்று வந்தால் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. கெயோர்க் ஔகுஸ்த் வல்லின், 1811-இல் பின்லாந்தின் ஓலந்து தீவுகளில் பிறந்தவர். அரபு மொழி படித்து, 1843-இல் எகிப்துக்குக் கிளம்பி, அப்துல் வலி என்ற பெயரில் அரேபியப் பாலைவனத்தில் பெதுவின் மக்களோடு ஒட்டகத்தில் பயணம் செய்தார், மெக்காவையும் பார்த்தார். லண்டன் ராயல் புவியியல் சங்கம் 1850-இல் பதக்கம் கொடுத்தது. ஊர் திரும்பிப் பேராசிரியராக இருந்தும் அதிக நாள் வாழவில்லை, 1852-இல் இறந்தார். ஹெல்சிங்கியில் அவர் கல்லறைக் கல்லில் அந்த அரபுப் பெயர் பொறித்திருக்கிறது. அரேபியாவின் உட்பகுதிக் காபி எப்படி இருக்கும் தெரியுமா? விருந்தாளி கண்முன்னே இளவறுவலாக வறுத்து, உரலில் இடித்து, ஏலக்காய் சேர்த்துக் கொதிக்கவைப்பது. இளவறுவலும் ஏலக்காயும் பின்லாந்து மேசையிலும் சேர்ந்தே இருக்கின்றன. இங்கே ஏலக்காய் காபிக்குள் போகாமல் பக்கத்து ரொட்டிக்குள் போகிறது. சவூதியில் வேலை பார்த்துத் திரும்பிய என் சக ஊழியர், வெளிநாட்டில் தனக்கு முதல் நாளே பழகிப்போன காபி அது ஒன்றுதான் என்பார். அங்கேயும் கோப்பையோடு மௌனமாக உட்காரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

ஊர் திரும்புவதும் சுலபமில்லை. இத்தாலியில் நின்றபடியே ஒரு மடக்கில் குடித்துப் பழகியவருக்கு இங்கே கூஜாக் காபி நீர்த்துப்போன மாதிரி இருக்கிறது. சிங்கப்பூரில் சத்தமாகப் பேசிப் பழகியவருக்கு இங்கே இடைவேளை மௌனம் கொஞ்ச நாள் உறுத்துகிறது. "நான் எதற்காக ஏங்கினேனோ அதற்குள்ளேயே இப்போது எனக்கு மூச்சு முட்டுகிறது" என்று ஒருவர் சொன்னபோது நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சென்னை போகிறபோது அப்படி ஆகிறது.

இப்போது உங்கள் பொறியாளருக்கு வருவோம். உங்கள் பகுதிக்குப் பின்லாந்துக்காரர்கள் புதியவர்கள் இல்லை. நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை ஓடிய காலத்தில் பல குடும்பங்கள் சென்னையில் இருந்திருக்கின்றன. நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

அவர் காபியை அவரே போட்டுக்கொள்ள அலுவலகத்தில் ஒரு மூலை கொடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கம் அது பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும் கூடியது. ஆர்.ஓ. தண்ணீர் அவர் ஊர் ஏரி நீருக்கு நெருக்கமாக வரும். அவர் போட்ட காபியை ஒரு கோப்பை கேட்டு வாங்கிக் குடியுங்கள். பால், சர்க்கரை சேர்ப்பது உங்கள் விருப்பம், அவர் தவறாக நினைக்க மாட்டார்.

ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பிற்பகல் இரண்டரை என்றால் இரண்டரை. "வாங்களேன், எப்ப வேணும்னாலும் வாங்க" என்று நாம் அன்பாகச் சொல்வது அவருக்கு எந்த நேரமும் இல்லை என்பதற்குச் சமம். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால், என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா என்று கேட்க வேண்டாம். அந்தப் பேச்சற்ற பத்து நிமிடத்தில் நீங்களும் கூட உட்கார்ந்திருங்கள். சில வாரங்களில் அவர் தானாகவே பேசுவார். அப்போது நம் டிகிரி காபியைச் சின்ன டம்ளரில், சிக்கரி இல்லாத தூளில் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். கூடவே ஏலக்காய் போட்ட இனிப்பு ஏதாவது வையுங்கள். அந்த வாசனைக்கு அவரிடம் விளக்கமே தேவைப்படாது.

ஒரு நடைமுறையும் தெரிந்துகொள்ளுங்கள். பிறந்தநாளானாலும் வேலை முடிந்து கிளம்பும் நாளானாலும், கேக் வாங்கிவருவது சம்பந்தப்பட்டவரின் பொறுப்பு என்பது பின்லாந்து அலுவலக வழக்கம். நாம் முந்திக்கொண்டு வாங்கிவைத்தால், தன் கடமையைச் செய்ய முடியவில்லையே என்று அவர் கூச்சப்படுவார். நல்ல அடுமனை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவைத்துவிட்டு, காபியை மட்டும் உங்கள் செலவில் ஏற்பாடு செய்யுங்கள்.